நாற்பத்து மூன்று பல்லும் முப்பத்தொன்பது பல்லும்

என் தங்கை ஆவுடைத்தாயின் கணவர் குற்றாலலிங்கம் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றவர். நான் கல்லிடைக்குறிச்சியில் கணக்கு வாத்தியார். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால் இந்தக் கதை பாதி புரிந்துவிடும். கணக்கில் தோற்ற மனிதருக்குக் கணக்கு வாத்தியார் மேல் உள்ள பயமும் மரியாதையும் லேசில் போவதில்லை. நான் இரண்டும் இரண்டும் ஐந்து என்று சொல்லியிருந்தாலும், “அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று தலையாட்டியிருப்பார். அப்படித் தலையாட்டித்தான் எல்லாம் போயிற்று.

கணக்கைத் தவிர மற்ற விஷயங்களில் அவர் மூளைக்காரர். ஒரு டீசல் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, “இதுக்கு நாசில் அடைச்சிருக்கு” என்பார். போய்ப் பார்த்தால் அடைத்திருக்கும். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் நஞ்சை இருந்தது. எங்கள் தலைமுறைக்கு வந்து சேர்ந்தது அந்தப் பேச்சு மட்டுந்தான். நான் படித்துத் தப்பினேன், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தப்பினார். டிரைவருக்கா பெண் கொடுக்கப் போகிறீர்கள் என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தபோது ஆவுடைத்தாய் அடுக்களைக்குள்ளிருந்தே பதில் சொன்னாள். “நஞ்சையைக் குடிச்சே தீர்த்தவுகளைவிட இவுக எவ்வளவோ மேல்.”  அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்டி மலைமேல் நெடும்பாறைத் தோட்டம் என்று ஒரு சின்ன ஏலக்காய்த் தோட்டம். அரிசி, பருப்பு, தபால், கூலி ஆட்கள் எல்லாவற்றையும் மேலே ஏற்றி இறக்க ஒரு ஜீப் வேண்டும், சொந்த ஜீப்போடு வருகிறவருக்கு நிரந்தர வேலை, குடியிருக்க வீடு என்றார் முதலாளி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சரும் தேவைப்பட்டது. ஆவுடைத்தாய் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தாள். இருவரும் போவதென்று முடிவானது. எனக்கு ஒரே ஒரு கவலை. அவளுக்குச் சின்னப்பிள்ளையிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. வந்தால் தோள் இரண்டும் தூக்கிக்கொள்ளும், உதடு கறுத்துவிடும். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு ஊசி போட்டு மூக்கில் குழாயை வைத்தால் அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து நர்ஸிடம் ஊர்க்கதை கேட்பாள். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அந்த அவ்வளவுதான் விஷயத்துக்கு நடுவில் ஒரு மேடு இருந்தது. தோட்டத்திலிருந்து மூன்று மைல் இறங்கினால் ஒரு ஓடை. ஓடையைத் தாண்டியதும் வண்டி செங்குத்தாக ஏறியாக வேண்டும். சிவப்புக் களிமண். வெயில் காலத்தில் கல் மாதிரி கிடக்கும். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் மனிதனே நிற்க முடியாது. அதற்கு வழுக்குமேடு என்றே பெயர்.

குற்றாலலிங்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். “நாலு வீலும் இழுக்குத வண்டியா எடுக்கணும் அத்தான். மழை நாள்ல அவளுக்கு வந்துட்டுன்னா அந்த மேட்டை ஏத்தணும்லா.”

தொண்ணூறாம் வருடம் ஆனி மாதக் கடைசி. திருநெல்வேலிக்கு ஜீப் எடுக்கப் போனோம். ஒரே மாதிரி இரண்டு வகை வண்டி. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும், அது அங்கேயே தயாராக நின்றது. இன்னொன்றில் நான்கும் இழுக்கும். விலை கூட, ஆடி ஆறாம் தேதிதான் வந்து சேரும் என்றார்கள். முதலாளியோ ஒரு வாரம் பொறுப்பேன், ஒரு மாதம் பொறுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

ஆடியில் எங்கள் பக்கம் வண்டி எடுக்கமாட்டார்கள். ஆவுடைத்தாயும் புறப்படும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள். “ஆடியில மட்டும் வண்டி வேண்டாம்ணே. மனசுக்குச் சரிப்படாது.” குற்றாலலிங்கம் தயங்கித் தயங்கி என்னைக் கேட்டார். “ஆடியில எடுத்தா என்ன அத்தான்? நீங்கதான் பஞ்சாங்கம்லாம் பாக்கமாட்டீயளே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா.”

உண்மைதான். வீட்டில் ராகுகாலம் பார்த்தால்கூட கேலி செய்கிறவன் நான். அன்றைக்கு அந்தக் கேலியைச் செய்திருக்கலாம். ஆனால் எனக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அவர்கள் கொடுத்த விலைத்தாளின் பின்பக்கம் போட்டுக் காண்பித்தேன். இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும், மிலிட்டரி ஏலத்தில் வரும், முன்சக்கரங்களைச் சுழற்றுகிற பழைய முன் ஆக்சிலையும் அதற்கு இழுவையைப் பிரித்துவிடும் கியர்ப் பெட்டியையும் வாங்கி மாட்டிவிடலாம். அதே வண்டி, குறைந்த செலவு, ஆடியும் குறுக்கே வராது. பஞ்சாங்கத்தை நம்பாத நான், என் கணக்குக்கு ஒத்துவந்ததால் பஞ்சாங்கத்தைச் சேர்த்துக்கொண்டேன். குற்றாலலிங்கம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். புரிந்ததோ இல்லையோ, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ஜீப் எங்கள் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வந்து நின்றது.

ஆவுடைத்தாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு வண்டியைச் சுற்றி வந்தாள். “அப்போ இது அரைவண்டியா?” என்றாள். அன்றிலிருந்து அதற்கு அரைவண்டி என்றே பெயர். “மீதி அரை வந்து சேருத அன்னைக்கு முழுவண்டின்னு கூப்பிடுதேன்” என்று புருஷனிடம் சொல்லிவைத்தாள்.

மீதி அரை சீக்கிரம் வரவில்லை. முதல் வருடம் தார்ப்பாய்க் கூரை, இரும்புச் சங்கிலி, பட்டை பட்டையாக வெட்டிய டயர். இரண்டாவது வருடம் கியர்ப் பெட்டி கிடைத்தது. பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அசன் மைதீன்தான் அவருக்கு எல்லா வேலையும் செய்வார். ஆக்சில் வரும்போது வரட்டும் என்று பெட்டியை மாட்டி, அதற்குரிய கம்பியையும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டார். நான்கு சக்கரமும் வேண்டுமென்றால் அந்தக் கம்பியை இழுக்க வேண்டும். முன்னால் ஒன்றும் இல்லாததால் இழுத்தாலும் சும்மாதான் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்சீட்டில் ஏறிக்கொண்டு அதை இழுத்து விளையாடுவார்களாம்.

மழைக்காலத்துக்கு ஆவுடைத்தாய் எங்கள் வீட்டுக்கு இறங்கிவிடுவாள். இரண்டு வருடமும் ஐப்பசி, கார்த்திகை எங்களோடு இருந்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. “நான் இங்கன இட்லி தின்னுக்கிட்டு இருக்கேன், அவுக அங்கன கஞ்சி குடிக்காவ. இதுக்கா கலியாணம் கட்டினேன்?” என்று முணுமுணுப்பாள். போதாக்குறைக்கு அவள் இல்லாத இரண்டு மாதமும் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் படித்தது எல்லாவற்றையும் மறந்துவிட்டு உட்கார்ந்திருக்கும்.

தொண்ணூற்றிரண்டு புரட்டாசியில் ஆக்சில் கிடைத்தது. குற்றாலலிங்கம் சின்னப்பிள்ளை மாதிரி என் பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு பேட்டைக்குப் போனார். அதற்கு முந்தின வாரம்தான் ஆவுடைத்தாயிடமிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. இந்த வருடம் முன்வீல் வந்துவிடும், அதனால் மழைக்கு இறங்கப்போவதில்லை, பிள்ளைகளுக்கு அரைப்பரீட்சை வைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாள்.

அசன் மைதீன் ஆக்சிலைத் திறந்துவைத்திருந்தார். உள்ளே பெரிய பல்சக்கரம். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? விரலை வைத்துப் பல்லை எண்ணினேன். முப்பத்தொன்பது. வண்டியின் பின் ஆக்சிலில் எத்தனை என்று கேட்டேன். நாற்பத்து மூன்று என்றார். அதை ஓட்டும் சின்னச் சக்கரத்துக்கு இரண்டிலும் பல் ஒரே எண்ணிக்கைதான். தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதினேன். பின்சக்கரம் நூறு சுற்றுச் சுற்றும்போது இந்த முன்சக்கரம் நூற்றுப்பத்துச் சுற்றும். முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துச் சண்டை போடும். நடுவில் இருக்கும் பெட்டி உடையும்.

“சார்வாள் கணக்கு சரிதான்” என்றார் அசன் மைதீன். “தார் ரோட்டுல போட்டு ஓட்டினா உடையத்தான் செய்யும். ஆனா தார் ரோட்டுக்கா இதை மாட்டுதோம்? சேத்துல சக்கரம் எப்படியும் வழுக்கும். அந்தப் பத்து சுத்து சேத்தோட சேத்தா கழிஞ்சு போயிரும். மேட்டைத் தாண்டுனதும் கம்பியத் தள்ளிவிட்டா முன்சக்கரம் சும்மா உருளும். நான் எத்தனையோ வண்டிக்கு மாட்டியிருக்கேன்.”

“நடுக்காட்டுல உடைஞ்சு நின்னா நீரா வந்து தூக்குவீரு?”

“நான் பொறுப்பு சார்வாள்.”

“பொறுப்புன்னா என்னவே? எழுதித் தருவீரா?”

அப்படிப் பேசியிருக்கக்கூடாது. முப்பது வருடமாக அந்த வேலையைச் செய்கிற மனிதர். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குற்றாலலிங்கத்தைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க லிங்கம். ஓட்டப்போறது நீங்க.”

குற்றாலலிங்கம் ஆக்சிலைத் தடவிப் பார்த்தார். அவருக்கு மனதில் என்ன தோன்றியதென்று எனக்குத் தெரியும். அசன் மைதீன் சொன்னதுதான் சரி என்று தோன்றியிருக்கும். சேற்றில் வண்டி ஓட்டுகிறவருக்குத் தோன்றாமலா இருக்கும்? ஆனால் சுவரில் கணக்கு இருந்தது. “அத்தான் சொல்லுதது சரியாத்தான் இருக்கும் பாய்” என்றார்.

பொருந்துகிற பல்சக்கரத்துக்குக் கோயம்புத்தூருக்கு எழுதிப்போட்டோம். கார்த்திகை பாதியில் வரும் என்று பதில் வந்தது. ஆக்சிலை ஜீப்பில் ஏற்றிவந்து எங்கள் வீட்டுப் புறவாசலில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாக்குப் போட்டு மூடிவைத்தார். ஆவுடைத்தாயைக் கீழே வரச் சொல்லி நான் கடிதம் எழுதியிருக்க வேண்டும். எழுதலாம், எழுதலாம் என்றிருந்தேன். தீபாவளி வந்தது, போயிற்று. கார்த்திகைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, அதற்குள் என்ன வந்துவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அந்த வருடம் ஐப்பசிக் கடைசியில் பெய்த மழையைப் பற்றித் தாமிரபரணிக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆறு தெருவுக்குள் வந்தது. பாலங்கள் போயின. ரோடு எங்கே, வயல் எங்கே என்று தெரியவில்லை. நாங்கள் மாடியில் நெல்மூட்டையோடு உட்கார்ந்திருந்தோம். மலைமேல் வெள்ளம் வராது, அவர்கள் பத்திரமாக இருப்பார்கள் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

மலைமேல் நடந்ததைப் பிறகு தோட்டத்து மேஸ்திரி பிச்சைக்கண்ணு எனக்குச் சொன்னார். வெள்ளத்துக்கு முந்தின நாள் காலை ஆறு மணிக்கு ஆவுடைத்தாய்க்கு இழுப்பு கண்டிருக்கிறது. மாத்திரை கேட்கவில்லை. முதலாளியிடம் நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அது முதலாளியோடு கீழேதான் நிற்கும். ஏழு மணிக்கு அவளை அரைவண்டியின் முன்சீட்டில் கம்பளியால் சுற்றி உட்காரவைத்துப் புறப்பட்டார்கள். பின்னால் எட்டுப் பேர் ஏறிக்கொண்டார்கள். ஓடையில் முட்டளவு தண்ணீர். அதைத் தாண்டிவிட்டார்கள். மேட்டில் ஏற முடியவில்லை.

பாதி ஏறும், வழுக்கி இறங்கும். சங்கிலி சுற்றினார்கள். கல்லை அடுக்கினார்கள். சக்கரத்துக்கு அடியில் குச்சியும் மிளாருமாக வெட்டிப் போட்டார்கள். கயிறு கட்டி எட்டுப் பேரும் இழுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பாதி மேடு. அவள் மூச்சை இழுத்து இழுத்து, “பைய எடுங்க. அவசரப்படாதீய” என்றாளாம். அவருக்குத் தைரியம் சொன்னாளாம்.

“கடைசியில அவுக அந்தக் கம்பியப் பிடிச்சு இழுத்தாவ அண்ணாச்சி” என்றார் பிச்சைக்கண்ணு. “முன்னால ஒண்ணும் இல்லன்னு தெரியும். தெரிஞ்சும் இழுத்தாவ. இழுத்துக்கிட்டே இருந்தாவ. நான்தான் கையைப் பிடிச்சு எடுத்துவிட்டேன்.”

ஒன்பதரை மணிக்கு வண்டியை விட்டுவிட்டு, கம்பளியைக் கம்பில் கட்டி அவளை அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். குற்றாலலிங்கம் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். செக்போஸ்ட்டுக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது மூச்சு நின்றுவிட்டது. தூக்கினவர்கள் இறக்கிவைத்தார்கள். அவர் குடையை மடக்கவில்லை. அவள் முகத்தில் மழை விழாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

அவளைத் தோட்டத்துக்கே திருப்பித் தூக்கிப்போனார்கள். மறுநாள் வெள்ளம் வந்துவிட்டது, கீழே கொண்டுவர வழியில்லை. மழையும் விடவில்லை. மேலேயே ஒரு தகரக்கொட்டகைக்கு அடியில் தகனத்தை முடித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் குற்றாலலிங்கம் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்து, படியில் உட்கார்ந்து, “ஆவுடை போயிட்டா அத்தான்” என்றார். பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். அண்ணன் நான் உயிரோடு இருந்தும் என் தங்கை பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் போனாள். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று வகுப்பில் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சுரைக்காய் நான்தான் என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் அசன் மைதீன் வந்தார். குற்றாலலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். குற்றாலலிங்கமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து பல்சக்கரம் வந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. நான் அதை அவரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தை மாதம் ஒருநாள் ஜீப்போடு வந்தார். புறவாசலில் கிடந்த ஆக்சிலை ஏற்றினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கோயம்புத்தூர்ச் சாமானை வாங்கி வந்துவிடலாம் மாப்ள, இப்போது பொருந்துமே என்று கேட்க வாய்வரை வந்தது. எந்த முகத்தோடு கேட்பது? அவர் நேரே பேட்டைக்குப் போய் அந்த முப்பத்தொன்பது பல்லையே அப்படியே மாட்டிக்கொண்டார்.

இன்றும் நெடும்பாறையில்தான் ஓட்டுகிறார். ஐந்து வருடமாகிறது. வேறு கலியாணத்துக்கு எத்தனையோ பேர் கேட்டார்கள், நானே கேட்டேன். கேட்காதது மாதிரி இருந்துவிட்டார். மழையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அரைவண்டிதான் இறக்குகிறது. பிரசவத்துக்கு மட்டும் ஏழெட்டுப் பேரை இறக்கியிருக்கிறது. பெட்டி உடையவில்லை.

ஆவுடைத்தாயின் முதல் திவசத்துக்கு என்னை மேலே கூட்டிப்போனார். ஐப்பசி. நல்ல மழை. முன்சீட்டில் என்னை உட்காரச் சொன்னார். நான் பின்னால் உட்காருகிறேன் என்றேன். “இல்ல, இங்கனயே இருங்க அத்தான்” என்றார். தோட்டத்தில் திவசம் முடிந்து, மறுநாள் காலை இறங்கினோம்.  ஓடை வந்தது. அதைத் தாண்டி, மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தினார். சிவப்பு மண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கம்பியைப் பிடித்து இழுத்தார். உள்ளே ஏதோ சேர்ந்துகொண்ட சத்தம் கேட்டது.

வண்டி ஏறியது. கொஞ்சம் குலுங்கியது, ஒருதரம் லேசாக ஒதுங்கியது, வேறொன்றும் இல்லை. பாதி மேடு வந்தது, அதையும் தாண்டிப் போயிற்று. பழக்க தோஷம், மேடு ஏற எவ்வளவு நேரம் ஆகிறதென்று நான் வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். மேலே போய் இஞ்சினை நிறுத்தினார்.

“ஏறிட்டு அத்தான்” என்றார்.

குரலில் கோபம் இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. “எண்ணிக்கிட்டு வந்தீயளே, எத்தனை?” என்று கேட்டார்.

“பதினெட்டு” என்றேன்.

தலையாட்டினார். மேட்டுக்கு மேல் தரை கெட்டி. அசன் மைதீன் சொல்லிக்கொடுத்தபடி கம்பியைத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தார். செக்போஸ்ட் வரும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன்.